இங்கிலாந்துக் கால்வாயில் ஒரு நாள் படகு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனையும் பாத் நகரையும் பார்த்து முடித்த உறவினர்களை அடுத்து நான் கூட்டிப்போகும் இடம் கென்னட் அண்ட் ஏவன் கால்வாய். காலையில் பிராட்ஃபர்ட் ஆன் ஏவன் என்ற சிற்றூரில் ஒரு நேரோபோட்டை வாடகைக்கு எடுத்து, டண்டாஸ் என்ற இடம் வரை நாமே ஓட்டிப்போய், சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிடுவோம். கிளம்புவதற்கு முந்தைய வாரம் வாட்ஸ்அப்பில் வருவது எப்போதும் இதே கேள்விகள்தான். இனிமேல் கேட்பவர்களுக்கு இதை அனுப்பிவிடலாம் என்று எழுதி வைக்கிறேன்.

நேரோபோட் என்பது என்ன மாதிரிப் படகு?

ஒல்லிப் படகு. அகலம் 6 அடி 10 அங்குலம். நீளம் 70 அடி வரை போகும். ஒரு நாள் வாடகைக்குத் தருவது அவ்வளவு நீளம் இருக்காது. உள்ளே நின்று இரண்டு கையையும் விரித்தால் இரு பக்கச் சுவரும் கிட்டத்தட்ட எட்டிவிடும். ரயில் பெட்டியை நீளவாக்கில் பாதியாகப் பிளந்து தண்ணீரில் விட்டது போல இருக்கிறது என்றார் என் சித்தப்பா. அதைவிட நன்றாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஏன் அவ்வளவு ஒல்லி?

சிக்கனம். 1761இல் திறந்த பிரிட்ஜ்வாட்டர் கால்வாய் வழியாக வொர்ஸ்லி சுரங்கத்து நிலக்கரி மான்செஸ்டருக்கு வர ஆரம்பித்தது. ஒரு குதிரை கரையில் நடந்தபடி இருபத்தைந்து டன்னைச் சாதாரணமாக இழுத்தது. அதைப் பார்த்ததும் நாடெங்கும் கால்வாய் வெட்ட ஆள் கிளம்பிவிட்டது. ஆனால் மலையைக் குடைய வேண்டும், படகை ஏற்றி இறக்கும் லாக் என்ற கதவுத் தொட்டி கட்ட வேண்டும்; அகலம் கூடக்கூடச் செலவும் கூடும், தண்ணீரும் கூடுதலாக வேண்டும். ஜேம்ஸ் பிரிண்ட்லி என்ற பொறியாளர் டிரென்ட் அண்ட் மெர்சி கால்வாய்க்கு ஏழடி அகல லாக் போதும் என்று முடிவெடுத்தார். அதற்குள் நுழைகிற மாதிரி படகு கட்டினார்கள், மற்ற கால்வாய்க்காரர்கள் பலரும் அதே அளவைப் பிடித்துக்கொண்டார்கள்.

கென்னட் அண்ட் ஏவன் கொஞ்சம் பிந்தி வந்தது. அதன் லாக்குகள் 14 அடி அகலம், இரண்டு நேரோபோட் பக்கத்துப் பக்கத்தில் நிற்கலாம்.

லைசென்ஸ் வேண்டுமா?

வேண்டாம். படகுக்கான உரிமம் வாடகைக்கு விடுபவரிடம் இருக்கும். காலையில் அரை மணி, முக்கால் மணி நேரம் சொல்லித்தருவார்கள். அந்த நேரத்தில் செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்காமல் இரண்டு பேராவது காது கொடுத்துக் கேளுங்கள். ஒருவர் மட்டும் கேட்டால் நாள் முழுக்க அவர்தான் பின்னால் நின்று ஓட்ட வேண்டியிருக்கும்.

ஒரு நாளில் எவ்வளவு தூரம் போகலாம்? பாத் வரை போய்விட்டு வந்துவிடலாமா?

எல்லாரும் கேட்கிற கேள்வி, எல்லாரும் தப்பாகக் கணக்குப் போடுகிற கேள்வியும் இதுதான். கூகுள் மேப்பில் பார்த்தால் பாத் பக்கம்தான். பிராட்ஃபர்டில் ரயில் ஏறினால் கால் மணி நேரத்தில் போய்விடலாம். கால்வாயில் போவதும் வருவதும் ஒரே பகலில் முடியாது.

கால்வாயில் வேக வரம்பு மணிக்கு 4 மைல். அந்த நாலு மைலும் காகிதத்தில் மட்டும்தான். கட்டிக் கிடக்கும் படகுகளைத் தாண்டும்போது எஞ்சினைக் கிட்டத்தட்ட உறங்க விட்டுவிட்டு ஊர்ந்து போக வேண்டும். இல்லாவிட்டால் நம் படகு இழுக்கிற தண்ணீரில் அவர்களுடைய கயிறு முறுக்கி, முளை பிடுங்கிக்கொண்டு வரும், உள்ளே அடுப்பில் இருக்கிற டீ கொட்டும். பிராட்ஃபர்டிலிருந்து டண்டாஸ் வரை கரையில் எங்கே பார்த்தாலும் படகு கட்டியிருக்கிறார்கள். அதனால் சுமார் நாலரை மைல் போக இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது.

ஆகவே மைலை மறந்துவிட்டு மணியை எண்ணுங்கள். காலை ஒன்பதரைக்குப் போய், மாலை ஐந்துக்குள் திருப்பித்தர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பாடம் கேட்க முக்கால் மணி. மதியச் சாப்பாட்டுக்கு ஒன்றரை மணி. ஒரு மணி போதும் என்று கிளம்பியவர்கள் யாரும் ஒரு மணியில் எழுந்ததில்லை. மிச்சம் ஐந்து மணிக்குக் கொஞ்சம் மேல். அதில் பாதி முடிந்ததும், எங்கே இருந்தாலும் சரி, திரும்பிவிட வேண்டும்.

போன ஜூனில் என் மாமனார் வழியில் வரும் அவான்கிளிஃபில் இறங்கி, “நான் நடந்து வரேன், நீங்க வாங்க” என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கரையோரமாக நடக்க ஆரம்பித்தார். அவருக்கு வயது எழுபத்தொன்று, ஒரு முழங்கால் சரியில்லை. நாங்கள் டண்டாஸ் போய்ச் சேர்ந்தபோது பெஞ்சில் உட்கார்ந்து, யாரோ ஒரு வெள்ளைக்காரரோடு முழங்காலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

வழியில் பார்க்க என்ன இருக்கிறது?

பிராட்ஃபர்டை விட்டுக் கிளம்பியதுமே 14ஆம் நூற்றாண்டுக் களஞ்சியம் ஒன்று கால்வாய்க்கு அருகில் வரும். மடாலத்துக்குக் குடியானவர்கள் கொடுத்த தானியத்தைச் சேர்த்து வைத்த கல் கட்டடம். திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று யாரும் சொல்லாதீர்கள், திரும்பி வரும்போது எல்லாருக்கும் களைத்துவிடும்.

அப்புறம் பள்ளத்தாக்கு குறுகும். கீழே ஏவன் ஆறு, பக்கத்தில் ரயில் தண்டவாளம், மலைச்சரிவில் நாம். மூன்றும் ஒன்றை ஒன்று ஒட்டியே போகின்றன. அவான்கிளிஃபிலும் டண்டாஸிலுமாக இரண்டு இடத்தில் கால்வாய் ஆற்றுக்கும் ரயிலுக்கும் மேலே பாலத்தில் தாண்டுகிறது. குமரி மாவட்டத்து மாத்தூர் தொட்டிப்பாலம் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம், சங்கதி அதேதான். அங்கே பாசனத் தண்ணீர் போகிறது, இங்கே தண்ணீரோடு நாமும் போகிறோம். நின்றுகொண்டு எட்டிப் பார்த்தால் அடியில் ரயில் ஓடும். முதல் தடவை வயிற்றைக் கொஞ்சம் கலக்கத்தான் செய்யும்.

இரண்டையும் வடிவமைத்தவர் ஜான் ரென்னி. அவான்கிளிஃப் பாலம் கட்டி முடித்த கொஞ்ச காலத்திலேயே நடு வளைவு தொய்ந்துவிட்டது. இறங்கிக் கீழே போய்ப் பார்த்தால் அந்தத் தொய்வு இன்றும் கண்ணுக்குத் தெரியும். டண்டாஸ் பாலம் 1805இல் திறக்கப்பட்டது. கால்வாய்க் கம்பெனியின் முதல் தலைவர் சார்ல்ஸ் டண்டாஸின் பெயரை வைத்தார்கள். 1951இல் பாதுகாக்கப்பட்ட பழஞ்சின்னமாக அறிவிக்கப்பட்டது. கால்வாய்க் கட்டுமானம் ஒன்றுக்கு அந்தத் தகுதி கிடைத்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அழகில் டண்டாஸ், பாசத்தில் அவான்கிளிஃப்.

இது ஆறா, வெட்டிய கால்வாயா?

நீங்கள் போகிற இந்தப் பகுதி முழுக்க வெட்டியது. ரெடிங்கிலிருந்து பிரிஸ்டல் வரை 87 மைல் நீர்வழி, சில இடங்களில் ஆற்றையே பயன்படுத்திக்கொண்டு போகிறது. 1810இல் முழுதாகத் திறந்தார்கள். 1841இல் லண்டன்–பிரிஸ்டல் ரயில் வந்ததும் சரக்கெல்லாம் அங்கே போய்விட்டது. 1852இல் ரயில் கம்பெனியே கால்வாயை வாங்கிக்கொண்டது. போட்டிக்காரனிடம் கடைச் சாவியைக் கொடுத்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று. அவான்கிளிஃப் பக்கம் மலைச்சரிவில் ஒழுக்கு வேறு. பல வருடம் வறண்டு புதர் மண்டிக் கிடந்து, பிறகு அடியில் கான்கிரீட் போட்டு மறுபடி தண்ணீர் நிரப்பினார்கள். தன்னார்வலர்கள் பல பத்தாண்டு மண்வெட்டி பிடித்த பிறகு, 1990 ஆகஸ்டில் எலிசபெத் ராணி வந்து திறந்துவைத்தார். இப்போது பராமரிப்பது கேனல் அண்ட் ரிவர் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை.

ஓட்டுவது கஷ்டமா?

பத்து நிமிடம் கஷ்டம். ஸ்டியரிங் கிடையாது; பின்னால் நின்றுகொண்டு டில்லர் என்ற சுக்கான் பிடியைத் தள்ள வேண்டும். இடது பக்கம் போக வலது பக்கம் தள்ள வேண்டும். கார் ஓட்டிப் பழகிய கை இதற்குச் சம்மதிக்காது. ஒருமுறை நாணல் புதரில் போய் முட்டுவீர்கள், அதோடு கை கற்றுக்கொள்ளும். கார் ஓட்டத் தெரியாத என் அத்தைக்குத்தான் எங்களில் முதலில் வந்தது.

இரண்டாவது, படகு தன் நடுவில்தான் திரும்புகிறது. மூக்கு இடப்பக்கம் போனால் வால் வலப்பக்கம் வீசும். முன்னால் மட்டும் பார்த்து ஓட்டுகிறவர் பின்பக்கத்தை யார் படகிலாவது உரசுவார்.

மூன்றாவது, பிரேக் கிடையாது. ரிவர்ஸ் போட்டுத்தான் நிறுத்த வேண்டும், ரிவர்ஸில் சுக்கான் சொன்ன பேச்சைக் கேட்காது. அதனால் நிற்க வேண்டிய இடத்துக்கு வெகு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும்.

இங்கே சாலையில் இடப்பக்கம், தண்ணீரில் வலப்பக்கம். எதிரே படகு வந்தால் வலது ஓரம் ஒதுங்குங்கள். ரொம்பவும் ஒதுங்கினால் ஓரத்துச் சேற்றில் தரை தட்டும். தொட்டிப்பாலங்களின் முனையில் கால்வாய் சட்டென்று மடங்குகிறது, எதிரே வருவது தெரியாது. அங்கே ஹாரனை நீளமாக ஒருமுறை அடித்துவிட்டு மெல்ல மூக்கை நீட்ட வேண்டும்.

இன்னொன்று. ஆழம் குறைந்த தண்ணீரில் முடுக்க முடுக்கப் படகின் பின்பக்கம் தணிந்து தரையை இழுக்கும். உங்களுக்குப் பின்னால் கரையில் அலை உடைகிறதென்றால் டீசல்தான் வீணாகிறது, வேகம் கூடவில்லை.

எங்கே திருப்புவது? கால்வாய் அவ்வளவு அகலமா?

இல்லை. குறுக்காக நின்றுவிட்டால் கார்க் அடைத்த மாதிரிதான். திருப்புவதற்கென்றே அங்கங்கே கரையைக் குடைந்து அகலப்படுத்தியிருக்கிறார்கள். அதற்கு விண்டிங் ஹோல் என்று பெயர். ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைப் பார்த்து வைண்டிங் என்று சொன்னால் கரையில் இருப்பவர் திருத்துவார்; தமிழில் எழுதுவதில் இந்தத் தொல்லை இல்லை.

டண்டாஸ் பாலத்தைத் தாண்டியதும் அகலமான துறை வரும், பழைய பாரம் தூக்கி ஒன்று நிற்கும். அங்கே திருப்பிக்கொள்ளலாம். மூக்கை மெதுவாகக் கரையில் தொட வைத்து, சுக்கானை ஒரேயடியாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, முன் கியரில் கொஞ்சம் விசை கொடுத்தால் வால் தானாகச் சுற்றி வரும். காற்று அடித்தால் வராது. அப்போது நடுக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் கரையில் குதிக்காமல், இறங்கி இழுக்க வேண்டும். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடும், கண்டுகொள்ளாதீர்கள்.

லாக் வழியாகப் போவோமா?

இந்தப் பாதையில் லாக் இல்லை. முதல் நாள்காரர்களுக்கு இதை நான் சொல்வதற்குக் காரணமே அதுதான். ஆனால் பிராட்ஃபர்டிலேயே ஒரு லாக் இருக்கிறது. கிளம்புவதற்கு முன் பத்து நிமிடம் நின்று பாருங்கள்.

இரண்டு பக்கமும் கதவு வைத்த கல் தொட்டி அது. மேலே ஏறப்போகிற படகு உள்ளே வந்ததும் கீழ்க்கதவைச் சாத்துகிறார்கள். விண்ட்லஸ் என்ற வளைந்த இரும்புப் பிடியைப் பல்சக்கரத்தில் மாட்டிச் சுற்றினால் மேல்பக்க மதகுப் பலகை உயரும், மேல் கால்வாய்த் தண்ணீர் தொட்டிக்குள் பாயும், படகு தூக்கிக் கொடுத்தது போல மேலே வரும். இரு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டம் ஆகிற வரை அந்த மரக்கதவை நாலு பேர் முதுகு கொடுத்துத் தள்ளினாலும் அசையாது. மட்டம் ஆனதும் ஒரு சின்னப் பெண் இடுப்பால் சாய்ந்தே திறந்துவிடுவாள். பம்பு கிடையாது, கரண்டு கிடையாது. ஒரு ஒல்லி லாக்கே ஒவ்வொரு தடவையும் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கீழே அனுப்புகிறது. இது அதைப்போல் இரண்டு மடங்கு அகலம்.

வேறு கால்வாயில் லாக் வழியாகப் போக நேர்ந்தால் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். கீழே இறங்கும்போது மேல்கதவுக்கு அடியில் சில் என்ற கல் படி ஒன்று தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். படகின் வால் அதன்மேல் மாட்டிக்கொண்டால், தண்ணீர் இறங்க இறங்க மூக்கு மட்டும் கீழே போய்ப் படகு மூழ்கிவிடும். சுவரில் வெள்ளைக் கோடு போட்டிருப்பார்கள். வால் அந்தக் கோட்டுக்கு முன்னால் நிற்கிறதா என்று ஒருவர் கண் எடுக்காமல் பார்க்க வேண்டும். கயிற்றையும் இறுக்கிக் கட்டக் கூடாது, படகு தொங்கும்.

நீச்சல் தெரியாதே? குழந்தைகளைக் கூட்டி வரலாமா?

கால்வாய் பெரும்பாலும் நாலடி ஆழம். விழுந்தால் எழுந்து நில்லுங்கள் என்பதுதான் இங்கே முதல் அறிவுரை. லாக்குக்கு இது பொருந்தாது. குழந்தைகளுக்கு லைஃப் ஜாக்கெட் தருவார்கள். கூச்சப்படாமல் பெரியவர்களுக்கும் கேளுங்கள்.

மூழ்குவதைவிட நசுங்குவதற்குத்தான் பயப்பட வேண்டும். படகு கரையில் மோதப்போகிறது என்றால் நம் கால் தானாக நீளும். நீட்டாதீர்கள். பல டன் இரும்பு அது; மோதினால் பெயின்ட்தான் போகும், குறுக்கே கால் இருந்தால் கால் போகும். பாலத்தடியில் போகும்போது கையும் தலையும் உள்ளே. யாராவது விழுந்துவிட்டால் முதல் வேலை கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவருவது, ப்ரொபெல்லர் பின்னால் சுற்றிக்கொண்டிருக்கும்.

கால்வாய்த் தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். கயிறு பிடித்த கையோடு சோற்றில் கை வைக்காதீர்கள்.

புடவை கட்டிக்கொண்டு வரலாமா?

உள்ளே உட்கார்ந்து வருவதென்றால் தாராளமாக. ஓட்டுகிறவர், கயிறு பிடிக்கிறவர், லாக்கில் வேலை செய்கிறவர் வேண்டாம். பறக்கிற முந்தானை, துப்பட்டா, அவிழ்ந்த தலைமுடி மூன்றும் பல்சக்கரத்துக்குப் பக்கத்தில் போகக் கூடாதவை. வழவழப்பான செருப்பும் வேண்டாம்.

துப்பட்டா பற்றி நான் அனுபவித்துச் சொல்கிறேன். ஒருமுறை கூரையில் காயப்போட்ட ஒன்று தண்ணீரில் விழுந்து நேராக ப்ரொபெல்லரில் போய்ச் சுற்றிக்கொண்டது. எஞ்சின் முனகியது, புகை வந்தது, படகு நகரவில்லை. எஞ்சினை அணைத்து, சாவியையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, பின்பக்கம் தரையில் இருக்கும் மூடியைத் திறந்து தண்ணீருக்குள் தோள்வரை கையை விட்டு அறுத்து அறுத்து எடுத்தேன். நாற்பது நிமிடம். மே மாதம்தான், ஆனால் விரல் மரத்துவிட்டது. உங்களுக்கு இப்படி ஆனால் நீங்களே கை விடாமல் படகுக்காரருக்குப் போன் செய்வதே நல்லது. எனக்கு அங்கே சிக்னல் இல்லை.

சாப்பாடு? கழிவறை?

கழிவறை இருக்கும், சிறியது. பேப்பர் தவிர எதையும் போடாதீர்கள்.

டீ போட ஒரு சின்ன அடுப்பு பெரும்பாலும் இருக்கும். சமையல் வேண்டாம், புளியோதரை, தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல் போதும். அவான்கிளிஃபில் பழைய பப் ஒன்று ஆற்றைப் பார்த்தபடி இருக்கிறது. வெயில் நாளில் உட்கார இடம் கிடைப்பது பாடு. நாங்கள் வழியில் கரையோரம் கட்டிவிட்டுச் சாப்பிடுவோம். இரும்பு முளையைச் சுத்தியலால் மண்ணில் அறைந்து கயிற்றைக் கட்ட வேண்டும். மாடு கட்டத் தெரிந்தவர்களுக்கு இதுவும் தெரியும். வளைவிலும் பாலத்தடியிலும் தண்ணீர் பிடிக்கும் இடத்திலும் கட்டாதீர்கள். மயிலாப்பூர் அத்தை கொண்டுவந்த மோர்மிளகாயை எண்ணெயில் போட்டபோது பக்கத்துப் படகுகளில் இருமல் கேட்டது. சமையல் வேண்டாம் என்று மேலே எழுதியதற்கு அதுவும் ஒரு காரணம்.

படகிலேயே குடியிருக்கிறார்களாமே?

ஆமாம், வழி நெடுக. கூரையில் விறகு, சைக்கிள், தக்காளிச் செடி, சோலார் பலகை எல்லாம் பார்ப்பீர்கள். சொந்தமாகக் கட்டுமிடம் இல்லாதவர்கள் 14 நாளுக்கு மேல் ஒரே இடத்தில் நிற்கக் கூடாது என்று 1995இல் சட்டம் வந்தது. அதனால் நகர்ந்துகொண்டே இருக்கிறார்கள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்காதீர்கள், அது ஒருவருடைய வரவேற்பறை. கை காட்டினால் எல்லாரும் கை காட்டுவார்கள். கை காட்டாமல் முறைத்தால் நீங்கள் வேகமாகப் போகிறீர்கள் என்று அர்த்தம்.

எந்த மாதம் நல்லது? மழை பெய்தால்?

மே, ஜூன், செப்டம்பர். ஆகஸ்டில் பள்ளி விடுமுறைக் கூட்டம். குளிர்காலத்தில் பராமரிப்புக்காக அங்கங்கே மூடுவார்கள். 2025 கோடையில் மழை பொய்த்து, வடக்குப் பக்கம் பல கால்வாய்களில் லாக்குகளையே மூடிவிட்டார்கள். எனவே பணம் கட்டுமுன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மழை பெய்தால் உள்ளே இருப்பவர்களுக்குக் கொண்டாட்டம், ஓட்டுகிறவர் நனைவார். குடை உதவாது, பாலத்தில் மாட்டும். மழைக்கோட்டு.

செலவு எவ்வளவு?

இடத்துக்கும் நாளுக்கும் தக்கபடி மாறும். வாரநாளில் குறைவு, சனி ஞாயிறு அதிகம். வாடகை படகுக்குத்தான், தலைக்கு அல்ல. எட்டு பேர், பத்து பேர் சேர்ந்தால் பங்கு குறையும். 12 பேர்தான் உச்சம், மடியில் உட்காரும் குழந்தையையும் எண்ணுவார்கள். டீசல் சேர்த்தா, முன்பணம் எப்போது திரும்ப வரும் என்ற இரண்டையும் முதலிலேயே கேளுங்கள்.

திரும்பி வர நேரமாகிவிட்டால்?

போன் செய்து சொல்லிவிட்டு அதே வேகத்தில் வாருங்கள். முடுக்குவதில் ஐந்து நிமிடம்கூட மிஞ்சாது, வழியெல்லாம் திட்டு வாங்குவதுதான் மிச்சம். துறையில் காற்று அடித்தால் நீங்களே கொண்டுபோய்ச் செருக முயலாதீர்கள். படகுக்காரரிடம் கையைக் காட்டினால் அவரே ஏறி ஒரே தள்ளில் நிறுத்திவிடுவார்.

அடுத்த முறை ஒரு வாரம் எடுத்தால்?

எடுக்கலாம், அப்போது கிழக்குப் பக்கம் திரும்புங்கள். டிவைசஸ் ஊர்ப் பக்கம் இரண்டு மைலுக்குள் 29 லாக், நடுவில் 16 லாக் ஒரே சரிவில் படிக்கட்டு மாதிரி ஏறுகிறது. ஒரு பகல் முழுக்க அதற்கே போய்விடும். விண்ட்லஸ் சுற்ற நாலு பேராவது வேண்டும். என் மாமனார் ஏற்கெனவே பெயர் கொடுத்துவிட்டார், மேற்பார்வைக்கு.